பொட்டு வைத்த பம்ப்

பிழை கண்டுபிடிக்காமல் ரத்தினசபாபதி ஒரு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரமே கிடையாது. கோயமுத்தூர் குறிச்சியில் இருக்கும் வேலாத்தாள் பம்ப்ஸ் கம்பெனிக்கு அவர் இருபத்திரண்டு வருடங்களாகத் தலைமைப் பரிசோதகர். வடிவமைப்பாளர்கள் கணினியில் வரைந்து கொடுப்பதைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கி, கடைசியில் எங்காவது ஓர் இடத்தில் பச்சை நிறத்தில் வட்டம் போட்டு, "இதென்னம்மா இது?" என்று கேட்பார். அந்த வட்டம் விழும்வரை எந்தப் பாகமும் அச்சு இயந்திரத்துக்குப் போகாது. வட்டம் விழுந்து, அதைத் திருத்திக் கொண்டுபோனால் அடுத்த நிமிஷம் கையெழுத்து. கடவுளே வந்து வரைந்து கொடுத்திருந்தாலும் அவருக்கும் ஒரு வட்டம் உண்டு.

கம்பெனி ஒரு காலத்தில் கிணற்று மோட்டார் செய்துகொண்டிருந்தது. கிணறுகள் வற்றியதும் மனிதர்களுக்கு வந்துவிட்டது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு நடமாடும் சின்னப் பம்ப்; ரத்தத்தை வாங்கி, சுத்தம் செய்து, திருப்பி உள்ளே அனுப்பும். ஜனங்கள் அதை இடுப்புக் கிட்னி என்றார்கள். கம்பெனி வரைபடக் கோப்பை அனுப்பினால் போதும், அந்தந்த ஆஸ்பத்திரியில் இருக்கும் முப்பரிமாண அச்சு இயந்திரமே ஆளின் அளவுக்குத் தகுந்தபடி பம்ப்பை அச்சடித்துக் கொடுத்துவிடும். அதன் மூன்றாவது மாடலைப் பதினோராயிரம் பேர் கட்டியிருந்தார்கள். அந்த மாடலின் ரத்த அறையையும் வால்வையும் வரைந்தவள் வசுமதி.

வசுமதி பதினெட்டு வருடங்களுக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது, விவரம் தெரியாமல், பிழையே இல்லாத ஒரு வரைபடத்தைக் கொண்டுபோய் ரத்தினசபாபதியிடம் கொடுத்துவிட்டாள். மனிதர் பதினோரு நாள் அதை வைத்துக்கொண்டு தவித்தார். ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் நன்றாக இருந்த ஒரு வளைவை நேராக்கச் சொல்லி, அச்சடித்ததும் அது உடைந்து, இரண்டாவது முறை வரைய வைத்து, "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்றார். என்ன சொன்னார் என்று அவருக்கும் தெரியாது.

அன்றைக்குப் பக்கத்து இருக்கை ஜமீலாதான் அவளுக்கு ஞானம் கொடுத்தாள்.

"அழகான கொழந்தைய வெளிய தூக்கிட்டுப் போறப்ப என்ன பண்ணுவாங்க?"

"கன்னத்துல மை வெப்பாங்க."

"அதேதான். நீயும் ஒரு பொட்டு வெச்சுக் கொண்டுபோ. அவரு கண்ணு அதுல படட்டும், உன் டிசைன் தப்பிச்சுக்கும்."

கம்பெனி முழுக்க அதுதான் வழக்கமாக இருந்தது. வரைபடத்தைச் சரியாக முடித்து, பரிசோதனைக்கு முதல்நாள் அதில் தெரிந்தே ஒரு தப்பை வைப்பார்கள். அதற்குப் பெயரே பொட்டு. ஆரம்பத்தில் எழுத்துப் பிழை, தேதிப் பிழை என்று சிக்கனமாகத்தான் வைத்துப் பார்த்தார்கள். ரத்தினசபாபதிக்கு அது பிடிக்கவில்லை. தன்னை எழுத்துக்கூட்டிப் படிக்கிற வாத்தியாராக நினைக்கிறார்களா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவருடைய தகுதிக்கு ஆள் சாகிற மாதிரிப் பிழை வேண்டியிருந்தது. ஆகவே திருகுத் துளையை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்துவது, மூன்று மில்லிமீட்டர் சுவரை ஒன்றாக மெலிய வைப்பது என்று பொட்டும் வளர்ந்தது. அவர் கண்டுபிடித்து, மார்பை நிமிர்த்தி, "நான் மட்டும் பாக்கலைன்னா எத்தனை உசுரு போயிருக்கும்" என்பார். "ஆமாங்க சார்" என்பார்கள். வெளியே வந்து டீ குடித்துவிட்டுச் சிரிப்பார்கள். வசுமதியும் சிரித்தாள். பதினெட்டு வருடம் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள்.

பிறகு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இவர்களை வாங்கியது. வாங்கியவர்கள் ஆஸ்பத்திரிகளில் வைத்த புது அச்சு இயந்திரங்களுக்கு ஆர்பிட் என்ற மென்பொருளில் வரைந்த கோப்புதான் புரியும். இவர்களோ முப்பது வருடமாகக் கோடு என்ற உள்ளூர் மென்பொருளில் வரைந்து தள்ளியிருந்தார்கள். இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி, ஒன்று சொல்வது மற்றொன்றின் காதில் ஏறாது. எல்லாக் கோப்பையும் மாற்றியாக வேண்டும் என்று முடிவானபோது, மாற்றித் தருகிறேன் என்று பாலம் என்ற பேசும் மென்பொருள் வந்து சேர்ந்தது.

பாலத்தை விற்க வந்த ஆள் கோட்டும் சூட்டுமாக மேடையேறி விளக்கினான். "பழைய கன்வெர்ட்டர் எல்லாம் உருவத்தை மட்டும்தாங்க கொண்டுவரும். கல்யாண ஆல்பத்தைக் குடுத்துட்டு, யாரு மாமன் யாரு மச்சான்னு சொல்லாம உடற மாதிரி. இந்தச் சுவர் ஏன் மூணு மில்லிமீட்டர், இந்தத் துளை ஏன் இங்க, எதுவும் அங்க போயிச் சேராது. பாலம் அப்படி இல்லீங்க. உங்க எல்லாக் கோப்பையும், நீங்க பண்ணின எல்லாத் திருத்தத்தையும் படிச்சு, வரைஞ்சவரு மனசுல என்ன நினைச்சாரோ அதையே அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கும். ஒரு சொட்டுச் சிந்தாது."

ஒரு சொட்டும் சிந்தாது என்று சான்றிதழும் கொடுத்தார்கள். சிந்தாத இடத்தில் பரிசோதனை எதற்கு என்று வாங்கியவர்கள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். ரத்தினசபாபதியை ஆலோசகர் ஆக்கி, ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, விழாவும் எடுத்தார்கள். விழா பேனரில் அவருடைய இரண்டு கண்கள் மட்டும் ஆளுயரத்துக்கு அச்சாகியிருந்தன. கீழே, '2,312 பிழைகளைக் கண்ட கண்கள்'. அவர் அந்தப் பேனரைக் கழற்றவிடாமல் தன் அறைச் சுவரிலேயே மாட்டிக்கொண்டார். வருகிறவர்களை நான்கு கண்கள் பார்த்தன.

மூன்று மாதம் கழித்துப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து தகவல் வந்தது. ஆறுச்சாமி என்ற கல்யாணச் சமையல்காரர், ஐம்பத்து நான்கு வயது, பந்திக்குச் சாம்பார் இறக்கும் நேரத்தில் பம்ப் நின்றுபோய்ச் சுருண்டு விழுந்திருக்கிறார். பம்ப் மூன்றாவது மாடல். ஆளைத் தீவிர சிகிச்சையில் போட்டிருந்தார்கள். பம்ப்பைப் போலீஸ் சீல் வைத்து எடுத்துப் போயிருந்தது.

வசுமதி உடனே ஆர்பிட்டில் மூன்றாவது மாடலைத் திறந்து, ரத்த அறையைக் குறுக்காக வெட்டிப் பார்த்தாள். இடதுபக்கச் சுவர் மூன்று மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. பழைய கோப்பைத் திறந்தாள். அதில் மூன்று. பாலத்தைக் கூப்பிட்டாள்.

"மூணாவது மாடல், ரத்த அறை, இடதுபக்கச் சுவர். ஏன் மெலிஞ்சிருக்கு?"

"அது பிழை" என்றது பாலம், எந்தக் கூச்சமும் இல்லாமல்.

"பிழைன்னு தெரிஞ்சுமா வெச்ச?"

"தெரிந்துதான் வைத்தேன். இந்த நிறுவனத்தின் எல்லா வரைபடங்களையும் படித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும், பரிசோதனைக்கு முதல்நாள், சரியாக இருந்த ஒன்று தவறாக மாற்றப்படுகிறது. பரிசோதனை முடிந்ததும் அது பழையபடி ஆகிறது. இருபது வருடங்களுக்கு மேல் இவ்வளவு ஒழுங்காக நடப்பது தற்செயலாக இருக்க முடியாது. பரிசோதனைக்குப் போகும் வடிவமைப்பில் ஒரு பிழை இருக்க வேண்டும் என்பது இங்கே நோக்கம். நோக்கத்தைச் சிந்தாமல் கொண்டுவருவது என் வேலை."

"அத எடுத்துடறதும் சேர்ந்ததுதானே நோக்கம்?"

"எடுப்பது பரிசோதகரின் வேலை. எல்லாக் கோப்புகளையும் அவருக்கு அனுப்பினேன். அந்தப் பிரிவு மூடப்பட்டுவிட்டது, அச்சுக்கு அனுப்பலாம் என்று பதில் வந்தது."

வசுமதி நாற்காலியில் சாய்ந்தாள். தலைக்கு மேல் ஏசி இரைந்தது. "இந்த இடத்துல வெக்கணும்னு எப்படி முடிவு பண்ணின?"

"உங்கள் பாணி. நீங்கள் பெரும்பாலும் இடதுபக்கச் சுவரை மெலிய வைப்பீர்கள். ஜமீலா அவர்கள் திருகுத் துளையை நகர்த்துவார். பிழை வைத்தவரின் பெயரையும் கோப்பில் பதிந்திருக்கிறேன்."

மாற்றிய கோப்பிலிருந்து இந்த மூன்று மாதத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பம்ப்புகள் அச்சாகியிருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் இடுப்பில், அவளுடைய பெயரோடு ஓடிக்கொண்டிருந்தது.

ஜமீலாவிடம் சொன்னாள். ஜமீலா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"நீ சொல்லு. சொல்லித்தான் ஆகணும். ஆனா என்னைக் கூப்பிடாத வசு. எம் பொண்ணு மெடிக்கல் கடைசி வருசம். அம்மா தெரிஞ்சே தப்பு வெச்சவன்னு பேர் வந்தா அவ எங்க போயி நிப்பா?"

பதினெட்டு வருடத் தோழமைக்கு ஒரு எல்லை உண்டு என்று வசுமதிக்கு அன்றைக்குத் தெரிந்தது. கோபம் வந்தது.

ரத்தினசபாபதியின் கண்ணாடி அறைக்குப் போனாள். அவர் ஒரு பாராட்டுக் கடிதத்தில் கமா இல்லாத இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், நாங்க வரைஞ்சு குடுக்கறதுல வேணும்னே ஒரு தப்பு வெச்சுத்தான் கொண்டுவருவோம். நீங்க கண்டுபிடிக்கறதுக்காக."

"யாரு?"

"எல்லாருந்தான் சார். நான் வர்றதுக்கு முன்னாடியிருந்தே. அதைப் பாத்துப் பாலமும் தப்பு வெக்கக் கத்துக்கிச்சு. இப்ப எடுக்கறதுக்குத்தான் ஆளில்ல."

அவர் சிரித்தார். அறியாத குழந்தையைப் பார்க்கிற சிரிப்பு. "வசுமதி, ஒருத்தன் பேரெடுத்தா இன்னொருத்தனுக்கு வயிறு எரியறது சகஜம். ஆனா நீ இப்படிப் பேசுவேன்னு நான் நினைக்கல. ரெண்டாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டும் நானா, இந்தக் கண்ணால கண்டுபுடிச்சது. எவனும் வெச்சுக் குடுக்கல."

"சார், ஆயிரத்து நூத்தி நாப்பது பேர் சார்."

"மிஷினுக்குச் சர்ட்டிபிகேட் குடுத்திருக்காங்கம்மா. மிஷின் தப்புப் பண்ணாது. போயி வேலையப் பாரு."

வசுமதிக்கு அவரை உலுக்க வேண்டும்போல் இருந்தது. இருபத்திரண்டு வருடப் பெருமைக்கும் ஆயிரம் உயிருக்கும் நடுவில் நிறுத்தினால், இந்த மனிதர் யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. சுவரில் இருந்த கண்களும் அவரைப் போலவே திருப்தியாக இருந்தன.

உடலில் கட்டும் கருவிகளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. உரிமம் பெற்ற எந்த வடிவமைப்பாளரும், தன் உரிமத்தை ஒப்படைத்துவிட்டு, வாக்குமூலம் எழுதிக் கொடுத்து, நாடு முழுக்க அச்சை நிறுத்தலாம். வாக்குமூலம் பொய்யானால் சிறை. உண்மையானாலும், குற்றம் எழுதியவருடையதாக இருந்தால் அதேதான். வசுமதி மறுநாள் காலையில் அதை எழுதிக் கொடுத்தாள். ஜமீலாவின் பெயரை எழுதவில்லை.

அச்சு நின்றது. ஆயிரத்து நூற்று நாற்பது பேரையும் ஆஸ்பத்திரிகளுக்குக் கூப்பிட்டு, வேறு கம்பெனிப் பம்ப்பை மாட்டி அனுப்பினார்கள். கழற்றியதில் ஒன்பது பம்ப்புகளின் இடதுபக்கச் சுவரில் விரிசல் விழ ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் ஒன்பது சாவு. செய்தியில் அவளைத் துரோகி என்றும் சொன்னார்கள், தியாகி என்றும் சொன்னார்கள். இரண்டையும் சொன்னது ஒரே ஆள்தான், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

விசாரணை கோயமுத்தூரிலேயே நடந்தது. தலைமை வகித்தவர் டாக்டர் எமிலியா. சென்னையிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர். ஆறுச்சாமியும் வந்திருந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் ஆள் பாதியாகியிருந்தார். புதுப் பம்ப்பைத் துண்டால் மூடிக்கொண்டு மனைவியோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வசுமதி எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாவது மாடலைப் பற்றிய பாலத்தின் பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு ரத்தினசபாபதியைக் கூப்பிட்டார்கள். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நிருபர்களில் யாரோ, "இருபத்திரண்டு வருசமா இந்தாளைப் பொம்மை மாதிரி ஆட்டி வெச்சிருக்காங்க" என்று சொன்னது அறை முழுக்கக் கேட்டது. சிரிப்பும் எழுந்தது. ரத்தினசபாபதியின் காது சிவந்துபோனது.

"உங்களிடம் வந்த பிழைகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை என்பது உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?" என்று கேட்டார் டாக்டர் எமிலியா.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். ஏமாற்றப்பட்ட பெரியவர் என்று இரக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் முட்டாள் என்ற பெயரைவிடக் குற்றவாளி என்ற பெயர் அவருக்குக் கௌரவமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? என் கண்ணு முன்னால எவனாச்சும் ஏமாத்த முடியுங்களா? மொத வருசமே எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சேதான் உட்டேன். ஏதோ மரியாதைக்கு ஒண்ணு வெக்கறாங்க, நாமளும் எடுத்துக் குடுத்துருவோம்னு."

வசுமதி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அதை எடுத்த பிறகு?" என்றார் டாக்டர் எமிலியா.

"எடுத்த பொறகு என்னங்க?"

"மற்ற பாகங்களைப் பார்ப்பீர்களா?"

ரத்தினசபாபதி கேள்வியே புரியாதவர்போல விழித்தார். "அதான் கண்டுபுடிச்சாச்சுங்களே. அப்புறம் எதுக்கு? அவங்க மத்ததெல்லாம் சரியா வரைஞ்சுட்டுத்தானே பொட்டே வெக்கறாங்க."

டாக்டர் எமிலியா வசுமதியின் பக்கம் திரும்பினார். "நீங்கள்? பொட்டு வைத்த பிறகு வரைபடத்தை இன்னொரு முறை சரிபார்ப்பீர்களா?"

பார்ப்பேன் என்று சொல்லத்தான் வசுமதி நினைத்தாள். ஆனால் பொட்டை வைத்ததும் கணினியை மூடிவிட்டுக் கிளம்பிய சாயங்காலங்கள்தான் ஞாபகம் வந்தன. "மேல ஒருத்தர் பாக்கறாரேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

ஆய்வகத்திலிருந்து வந்த இளம் அதிகாரி ஒருத்தி எழுந்து, ஆறுச்சாமியின் பம்ப்பைப் பற்றிய அறிக்கையைப் படித்தாள். அன்று காலையில்தான் போலீஸ் வைத்த சீலை உடைத்துப் பம்ப்பை அறுத்துப் பார்த்திருந்தார்கள்.

"ரத்த அறைச் சுவர் எல்லா இடத்திலும் மூன்று மில்லிமீட்டர். விரிசல் எதுவும் இல்லை. இந்தப் பம்ப் அச்சானது நான்கு வருடங்களுக்கு முன்பு, கோடு மென்பொருளில் இருந்த பழைய கோப்பிலிருந்து. பாலம் தொட்ட கோப்பு அல்ல."

வசுமதிக்கு முதலில் காதில் விழுந்தது உறைக்கவில்லை.

"பம்ப் நின்றதற்குக் காரணம் வால்வு. வால்வின் மூடிக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி போதாது. வெளியே கடுமையான சூடு தொடர்ந்து பட்டால் மூடி கொஞ்சம் கொஞ்சமாக உப்பி ஒட்டிக்கொள்கிறது. இவர் தினமும் எட்டு மணி நேரம் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர். வரைபடத்தில் இடைவெளியே அப்படித்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. பரிசோதனைக்கு வந்த நாளில் வால்வுக்குப் பக்கத்துச் சுவரில் பச்சை வட்டம் விழுந்து, அது திருத்தப்பட்டிருக்கிறது. வால்வை யாரும் பார்க்கவில்லை."

ஆக, இது அவள் தெரியாமல் செய்த பிழை. பொட்டே இல்லை. சுவரில் ஒரு மில்லிமீட்டரைப் பார்த்த அன்றைக்கே காரணம் கிடைத்துவிட்டது என்று அவளும் கோப்பை மூடிவிட்டிருந்தாள். சமையல்காரரின் பம்ப் எந்த வருடத்தது என்று ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. ரத்தினசபாபதியைப் பார்த்து இத்தனை வருடம் சிரித்தவள், அவர் செய்ததைத்தான் செய்திருந்தாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"பழைய கோப்பிலிருந்து எத்தனை அச்சாகியிருக்கிறது?" என்று கேட்டார் டாக்டர் எமிலியா.

"பதினோராயிரம்" என்றாள் வசுமதி. "இன்னிக்கும் கட்டியிருக்காங்க. கோடை ஆரம்பிச்சாச்சு."

டாக்டர் எமிலியா அந்தப் பதினோராயிரம் பேருக்கும் உடனே தகவல் அனுப்பச் சொல்லிவிட்டு, விசாரணையை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார். எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். ரத்தினசபாபதி மட்டும் அந்த இளம் அதிகாரியின் பக்கத்தில் போய், அறிக்கையில் ஒரு தேதி தப்பாக இருப்பதைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வசுமதி பின்வரிசைக்குப் போனாள். ஆறுச்சாமி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் உட்காரவில்லை.

"உங்களுதுல தப்புப் பண்ணினது நாந்தாங்க. தெரியாமப் பண்ணிட்டேன்."

ஆறுச்சாமியின் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியலீங்க அம்மணி. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. நாங்க ஆயிரம் பேத்துக்கு ஆக்கினாலும், ஒரு வாய் எடுத்து உப்புப் பாக்காம எறக்கறதில்லீங்க. நீங்கள்லாம் பாக்க மாட்டீங்களா?"

"பாக்கலீங்க" என்றாள் வசுமதி.